புலன்களை அளந்து பார்ப்பது: வகுப்பறைச் சோதனைகளும் அவற்றில் நேரும் பிழைகளும்

200 கிராம் மணல் நிரப்பிய டப்பாவை ஒரு மாணவரிடம் கொடுத்து எவ்வளவு எடை என்று கேளுங்கள். 100 கிராம் என்பார், 400 கிராம் என்பார், எது வேண்டுமானாலும் வரும். அதே மாணவரிடம் 200 கிராம் டப்பாவையும் 212 கிராம் டப்பாவையும் அடுத்தடுத்துக் கொடுத்து எது கனம் என்று கேட்டால் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவார். அளவைச் சொல்லத் தெரியாத அதே கைக்கு வித்தியாசம் மட்டும் தெரிகிறது.

ஐம்புலன்களைப் பற்றி ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டும் சோதனைகள் எல்லாமே இந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கின்றன. நம் உடம்பில் தெர்மாமீட்டரும் இல்லை, தராசும் இல்லை. முன்பு இருந்ததற்கும் இப்போது இருப்பதற்கும், இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் நரம்புகள் மூளைக்கு அனுப்புகின்றன. இதை மனத்தில் வைத்துச் சோதனையை அமைத்தால் அழகாக முடிவு வரும். மறந்துவிட்டு "எப்படி இருக்கு?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் ஒன்றும் தேறாது.

எடையிலிருந்தே தொடங்கலாம். செலவு குறைவு, முடிவு தெளிவு.

ஒரே மாதிரியான, உள்ளே இருப்பது தெரியாத பிளாஸ்டிக் டப்பாக்கள் 7 வாங்குங்கள். சமையலறை டிஜிட்டல் தராசு 1 கிராம் வரை காட்டினால் போதும். ஒன்றில் 200 கிராம். இது அடிப்படை டப்பா. மற்றவற்றில் 202, 204, 208, 212, 216, 220 கிராம். டப்பாவின் எடையையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. மணலுக்கு மேல் பஞ்சை அழுத்தி அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் மணல் சலசலக்கும். பிள்ளைகள் கையால் அல்ல, காதால் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். எண்ணை அடிப்பக்கத்தில் மட்டும் எழுதுங்கள்.

அடிப்படை டப்பாவையும் மற்ற ஒன்றையும் ஒரே கையில், ஒன்றன் பின் ஒன்றாகத் தூக்கச் சொல்ல வேண்டும். கண் மூடியிருக்க வேண்டும். எது முதலில் வருவது என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள். இதைப் பலர் தேவையில்லாத சடங்கு என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் இரண்டாவதாகத் தூக்கியதைக் கனம் என்று சொல்லும் சாய்வு பலருக்கு உண்டு. எப்போதும் அடிப்படை டப்பாவையே முதலில் கொடுத்தால், கை உணராத வித்தியாசத்தையும் உணர்ந்ததாகக் கணக்கு வந்துவிடும்.

"தெரியலை மிஸ்" என்ற பதிலை ஏற்கக் கூடாது. தெரியாவிட்டாலும் ஏதாவது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கூச்சமுள்ள பிள்ளை கொஞ்சம் சந்தேகம் வந்தாலே தெரியாது என்று ஒதுங்கிவிடும்; துணிச்சலான பிள்ளை தெரியாததையும் அடித்துச் சொல்லும். அப்போது நாம் அளப்பது கையின் நுட்பத்தை அல்ல, சுபாவத்தை. கட்டாயம் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும். ஒவ்வொரு ஜோடிக்கும் 20 முறை. குருட்டாம்போக்கில் சொன்னாலே சராசரியாக 10 சரியாக வரும். 15 அல்லது அதற்கு மேல் தற்செயலாக வர ஏறக்குறைய 2 சதவீதம்தான் வாய்ப்பு. எனவே 20க்கு 15 சரியாக வரும் எடையை அந்த மாணவரின் எல்லை என்று வைத்துக்கொள்ளலாம். 200 கிராமுக்குப் பெரும்பாலோருக்கு அது 4 முதல் 10 கிராமுக்குள் அமையும்.

அடுத்துச் செய்ய வேண்டியதுதான் முக்கியம். அடிப்படையை 400 கிராமாக மாற்றி மறுபடி செய்யுங்கள். முன்பு 6 கிராம் வித்தியாசம் போதுமானதாக இருந்தவருக்கு இப்போது ஏறக்குறைய 12 கிராம் தேவைப்படும். வித்தியாசம் இத்தனை கிராம் என்பது பொருட்டல்ல, அடிப்படையில் அது எத்தனை பங்கு என்பதே பொருட்டு. இதைத் தொடு உணர்வில் நிறுவியவர் ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் இருந்த எர்ன்ஸ்ட் ஹைன்ரிச் வெபர், ஆண்டு 1834. அதே ஊரில் இருந்த குஸ்டாவ் ஃபெக்னர் 1860இல் இதைக் கணிதமாக்கி, தூண்டலை மடங்கு மடங்காகக் கூட்டினால்தான் உணர்வு படிப்படியாகக் கூடும் என்றார். ஒரு விளக்கு எரியும் அறையில் இன்னொன்றைப் போட்டால் பளிச்சென்று தெரிகிறது. பத்து எரியும் கல்யாண மண்டபத்தில் பதினோராவதைப் போட்டால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. வெபரின் விகிதம் மிகச் சிறிய எடைகளில் உடைந்துபோகும் என்பதையும் சொல்லிவிடுங்கள். 10 கிராம் டப்பாவில் செய்து பார்த்துவிட்டு விதி தவறு என்று முடிவு கட்டும் பிள்ளைகள் உண்டு.

டப்பாக்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தவையாக இருக்க வேண்டும். ஒன்று ஏசிக்கு அடியிலும் இன்னொன்று ஜன்னல் வெயிலிலும் இருந்தால் கணக்கு கெடும். குளிர்ந்த நாணயத்தை நெற்றியில் வைத்தால் அதே எடையுள்ள வெதுவெதுப்பான நாணயத்தைவிடக் கனமாகத் தெரியும் என்பதையும் வெபரே கவனித்திருக்கிறார். அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகளில் சில குளிருக்கும் துடிக்கின்றன. வந்த துடிப்பு எதனால் வந்தது என்று மூளைக்குத் தனியாகத் தெரிய வழியில்லை.

எடையோடு சேர்த்து இன்னொன்றையும் செய்யாமல் விடக் கூடாது. 200 மில்லி பிடிக்கும் சிறிய டப்பா ஒன்று, 2 லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா ஒன்று. இரண்டிலும் சரியாக 300 கிராம் வரும்படி மணல் போட்டு, மிச்ச இடத்தில் செய்தித்தாளைக் கசக்கி அடையுங்கள். தூக்கிப் பார்ப்பவர் யாராக இருந்தாலும் சின்னது கனம் என்பார். தராசில் வைத்து இரண்டும் 300 என்று கண்ணெதிரே காட்டுங்கள். திரும்பத் தூக்கினாலும் சின்னதுதான் கனம். 1891இல் பிரெஞ்சு மருத்துவர் ஷார்பான்டியே விவரித்த புலன் மயக்கம் இது. பெரிய டப்பா என்றால் கை கொஞ்சம் கூடுதல் விசையோடு தயாராகிறது, அது எதிர்பார்த்ததைவிட லேசாக எழும்புகிறது, அதனால்தான் இப்படி என்று பல காலம் விளக்கினார்கள். ஆனால் சில முறை தூக்கியதுமே விரல்களின் விசை சரியான அளவுக்கு வந்துவிடுகிறது. மயக்கம் மட்டும் போவதில்லை என்று 2000இல் அளந்து காட்டிவிட்டார்கள். கை கற்றுக்கொண்டதை உணர்வு ஏற்றுக்கொள்வதில்லை. இரண்டையும் ஒரே நீளக் கயிற்றில் கட்டி, கண்ணை மூடிக் கயிற்றைப் பிடித்துத் தூக்கச் சொன்னால் மயக்கம் காணாமல் போகும். ஏனென்றால் அளவு பற்றிய செய்தி எந்த வழியாகவும் உள்ளே போகவில்லை. இந்தக் கடைசிப் படியைச் செய்தால்தான் பிள்ளைகளுக்குக் காரணம் பிடிபடும்.

தோலில் இரண்டு புள்ளிகள்

ஜெம் கிளிப்பை நீட்டி U வடிவத்தில் வளைத்தால் தொடு உணர்வை அளக்கும் கருவி தயார். முனைகளை உப்புத்தாளில் தேய்த்து மொட்டையாக்கிக்கொள்ளுங்கள். காம்பஸ், குண்டூசி வேண்டாம். குத்தும் வலி வேறு நரம்பு வழியாகப் போகிறது, நாம் தேடுவது அதை அல்ல. ஸ்கேலில் வைத்து இடைவெளியை 2, 3, 5, 8, 10, 15, 20, 30, 40, 50 மில்லிமீட்டர் என்று மாற்றிக்கொண்டே போக வேண்டும். ஒரு நீளமான கிளிப் 50 வரை விரியும்.

விரல் நுனியில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் இடைவெளியே இரண்டு புள்ளியாகத் தெரியும். உள்ளங்கையில் 10 மில்லிமீட்டர் அளவுக்கு வேண்டும். முன்கையில் 35, 40. முதுகிலும் கெண்டைக்காலிலும் 40 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் ஒரே புள்ளிதான். முதுகில் இரண்டு விரல் அகலத்துக்கு ஊன்றிய இரு முனையையும் ஒன்று என்று அடித்துச் சொல்லும் நண்பனைப் பார்த்து வகுப்பே ஆச்சரியப்படும்.

இதில் தவறு நேரும் இடங்கள் நிறைய. இரண்டு முனையும் ஒரே கணத்தில் தோலில் பட வேண்டும். ஒன்று அரை நொடி முந்தினாலும் 'டக், டக்' என்று இரண்டாகத் தெரிந்துவிடும்; அங்கே நாம் அளப்பது நேர வித்தியாசம், இட வித்தியாசம் அல்ல. தோல் லேசாகக் குழிந்தால் போதும். அழுத்தினால் சுற்றுத் தோலும் இழுபடும், எங்கோ இருக்கும் நரம்பு முனைகளும் விழித்துக்கொள்ளும். இடையிடையே ஒற்றை முனையால் தொட்டு 'ஒன்றா, இரண்டா' என்று கேட்க வேண்டும். மூன்றுக்கு ஒரு முறையாவது. இல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் இரண்டு என்று சொல்பவருக்கு முழு மதிப்பெண் கிடைத்துவிடும்.

இதைவிட நுணுக்கமான பிழை ஒன்று உண்டு. அதே விசையில் அழுத்தும்போது ஒற்றை முனை கூர்மையாகவும், இரு முனை சற்று மழுங்கலாகவும் படும். கூர்ந்து கவனிப்பவர் இடைவெளி தெரியாமலேயே இந்தக் கூர்மையை வைத்து விடை சொல்லிவிடுவார். அவருக்கு மட்டும் நம்ப முடியாத அளவு சின்ன எண் வந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். அப்படிப்பட்டவருக்குக் கேள்வியை மாற்றுங்கள்: எப்போதும் இரு முனையாலேயே தொட்டு, அவை கையின் நீளவாக்கில் இருக்கின்றனவா குறுக்குவாக்கில் இருக்கின்றனவா என்று கேட்கலாம். இப்படிச் செய்யும்போது இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும்: முன்கையில் குறுக்குவாக்கில் நுட்பம் அதிகம், நீளவாக்கில் குறைவு. எந்தத் திசையில் அளந்தோம் என்று குறிக்காத எண்ணை இன்னொருவர் எண்ணோடு ஒப்பிட முடியாது.

பெண் பிள்ளைகளுக்குச் சின்ன எண் வருவதைப் பார்த்து வகுப்பில் வாக்குவாதம் எழும். விரல் நுனியின் பரப்பை அளந்து பார்த்தால் விடை அங்கே இருக்கும். சிறிய விரல் நுனியில் உணர் முனைகள் நெருக்கமாக அமைகின்றன. ஆணா பெண்ணா என்பதல்ல, விரல் எவ்வளவு சின்னது என்பதே காரணம். பென்சிலால் விரல் நுனியைக் கருமையாக்கி, செல்லோடேப்பில் ஒட்டி எடுத்து, கட்டம் போட்ட தாளில் ஒட்டினால் பரப்பு கிடைத்துவிடும்.

விரல் நுனிக்கும் முதுகுக்கும் ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்பார்கள். நுனியில் நரம்பு முனைகள் நெருக்கம். ஒவ்வொன்றும் பார்த்துக்கொள்ளும் பரப்பும் சின்னது. அதோடு, மூளையின் மேற்பரப்பில் விரல்களுக்கும் உதட்டுக்கும் ஒதுக்கியிருக்கும் இடம் மிகப் பெரியது, முதுகுக்கு ஒதுக்கியது கொஞ்சம். கனடாவின் மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டு, விழித்திருந்த நோயாளிகளின் மூளையைத் தொட்டுத் தூண்டி இந்த வரைபடத்தை உருவாக்கி 1937இல் வெளியிட்டார். பிரெய்ல் எழுத்தை இங்கே கையில் கொடுங்கள். ஒரு கட்டத்தின் புள்ளிகளுக்கு இடைவெளி ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர். விரல் நுனி பிரித்தறியும் எல்லைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது அந்த எண். தமிழும் பாரதி பிரெய்ல் முறையில் இதே புள்ளிகளில்தான் எழுதப்படுகிறது. பார்வையற்றவர்கள் விரலை எழுத்தின் மேல் வைத்து நிற்பதில்லை, நகர்த்திக்கொண்டே வாசிக்கிறார்கள் என்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். மிக நுண்ணிய சொரசொரப்பு நகரும்போது எழும் அதிர்வாகத்தான் உணரப்படுகிறது. புடவைக் கடையில் யாரும் பட்டைத் தொட்டுவிட்டுச் சும்மா இருப்பதில்லை, இரு விரலுக்கிடையே தேய்த்துத்தான் பார்க்கிறார்கள். 400ஆம் எண், 600ஆம் எண் உப்புத்தாள்களை முதலில் விரலை அசைக்காமல் வைத்து ஒப்பிடுங்கள், பிறகு தடவி ஒப்பிடுங்கள். வித்தியாசம் தடவும்போதுதான் துலங்கும்.

மூன்று பாத்திரத் தண்ணீர்

எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருப்பது. நம் ஊரில் அடிக்கடி சொதப்புவதும் இதுதான். இடக்கை குளிர்ந்த நீரில், வலக்கை சூடான நீரில், ஒன்றரை நிமிடம் கழித்து இரண்டும் நடுப் பாத்திரத்தில். ஒரே தண்ணீர் ஒரு கைக்குச் சூடு, மறு கைக்குக் குளிர்ச்சி. வேலை செய்ய வேண்டிய எண்கள்: 15, 30, 40 டிகிரி செல்சியஸ். சூடான பாத்திரம் 42ஐத் தாண்டவே கூடாது. 43 டிகிரி அருகில் வலி உணரும் நரம்புகள் விழித்துக்கொள்கின்றன. சூட்டைத் தாண்டி எரிச்சல் வந்துவிடும்.

மே மாதத்தில் மாடித் தொட்டித் தண்ணீரே 35ஐத் தொட்டிருக்கும். அதைச் 'சாதாரணத் தண்ணீர்' என்று நடுப் பாத்திரத்தில் ஊற்றினால் வலக்கைக்குக் குளிர்ச்சி தெளிவாகத் தெரியாது. ஐஸ் போட்டு 30க்குக் கொண்டுவந்து, ஐஸ் முழுக்கக் கரைந்த பிறகு கலக்கி, வெப்பமானியால் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பாதரச வெப்பமானி பிள்ளைகள் கையில் வேண்டாம், சிவப்பு நிற ஆல்கஹால் வெப்பமானி போதும். இரு கையும் மணிக்கட்டு வரை ஒரே ஆழத்துக்கு முங்க வேண்டும். எத்தனை பரப்பு நனைகிறதோ அந்த அளவுக்குச் சூடு கூடுதலாகத் தெரியும்.

எவர்சில்வர் டம்ளர் குளிராகவும் மரஸ்கேல் அப்படி இல்லாமலும் தெரிவதை இதோடு சேர்த்துக் காட்டுவார்கள். உலோகம் வெப்பத்தை வேகமாகக் கடத்துவதால், தோல் இழக்கும் வெப்பத்தைத்தான் நாம் குளிர்ச்சி என்கிறோம். ஆனால் உள்ளங்கைத் தோலின் வெப்பம் சுமார் 32 முதல் 35 டிகிரி. வகுப்பறை 38 டிகிரியில் வெந்துகொண்டிருக்கும் நாளில் அதே டம்ளர் மரத்தைவிட வெதுவெதுப்பாகத் தெரியும், ஏனென்றால் வெப்பம் இப்போது டம்ளரிலிருந்து கைக்கு வருகிறது. புத்தகத்தில் போட்டதுபோல வரவில்லை என்று சோதனையை மூட்டை கட்டிவிடாதீர்கள். அந்த மாறிய முடிவுதான் பாடத்தை இன்னும் தெளிவாகச் சொல்கிறது. ஜனவரியில் ஒரு முறை, மே மாதத்தில் ஒரு முறை செய்து இரண்டு குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மிளகாய் காரம் 'சுடுவதும்' புதினா மிட்டாய் 'குளிர்வதும்' சூட்டையும் குளிரையும் உணரும் இதே நரம்புகள் வழியாகத்தான். சூட்டுக்குத் திறக்கும் புரதத்தை மிளகாயின் கேப்சைசினும், குளிருக்குத் திறக்கும் புரதத்தை மென்தாலும் திறந்துவிடுகின்றன. சூட்டுப் புரதத்தை 1997இல் கண்டறிந்தவர் டேவிட் ஜூலியஸ். அழுத்தத்துக்குத் திறக்கும் பியஸோ புரதங்களைக் கண்டறிந்தவர் ஆர்டெம் பட்டபூட்டியன். இருவருக்கும் 2021 மருத்துவ நோபல். மிளகாயை வகுப்பில் சோதிக்க வேண்டாம். யாராவது அந்தக் கையால் கண்ணைக் கசக்குவார்கள். புதினா மிட்டாய் சப்பியபின் ஒரு வாய் தண்ணீர் குடித்தால் போதும், விஷயம் விளங்கிவிடும்.

நாக்கும் மூக்கும்

நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று பிரித்துப் போட்ட படத்தைக் கிழித்துவிடலாம். 1901இல் ஹேனிக் என்பவர் இடத்துக்கு இடம் சிறிய வேறுபாடு மட்டுமே கண்டார். பின்னால் வந்தவர்கள் அவர் வரைபடத்தைத் தவறாகப் படித்ததில் பிறந்தது அந்தப் படம். 100 மில்லியில் 10 கிராம் சர்க்கரை, 100 மில்லியில் 2 கிராம் உப்பு, எலுமிச்சைச் சாறு, திக்கான காபி டிகாக்‌ஷன். பஞ்சுக் குச்சியால் தொட்டு நாக்கின் ஓரம், நுனி, பின்பகுதி எல்லாவற்றிலும் வையுங்கள். நாக்கை உள்ளே இழுப்பதற்கு முன் விரலால் காட்டிப் பதில் சொல்ல வேண்டும், இல்லையேல் எச்சில் எல்லா இடத்துக்கும் பரப்பிவிடும். கசப்பைக் கடைசியில் வையுங்கள், அது போகாமல் நிற்கும்.

மூக்கைப் பொத்திக்கொண்டு ஏலக்காய்ப் பொடி கலந்த சர்க்கரையை வாயில் போட்டால் வெறும் இனிப்பு. விட்டவுடன் ஏலக்காய் எழும். நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் மணம்தான்.

கிடைத்தால் சிறுகுறிஞ்சான் இலை கொண்டுவாருங்கள். சர்க்கரைக்கொல்லி என்று ஊரில் சொல்வது. இலையை நன்கு அடையாளம் தெரிந்தவர் பறித்ததாக இருக்க வேண்டும். இரண்டு இலையை ஒரு நிமிடம் மென்று, துப்பி, வாய் கொப்பளித்துவிட்டுச் சர்க்கரையைப் போட்டால் வாயில் மணல் போட்டதுபோல் இருக்கும். உப்பும் புளிப்பும் குறையாமல் தெரியும். இலையிலுள்ள ஜிம்னெமிக் அமிலம் இனிப்பை ஏற்கும் புரதத்தில் மட்டும் போய் ஒட்டிக்கொள்கிறது. அரை மணி நேரமோ அதற்குச் சற்றுக் கூடவோ இது நீடிக்கும். எனவே நாக்குச் சோதனைகளில் இதைக் கடைசியாக வையுங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் இதில் சேர வேண்டாம்.

காது எப்படித் திசை கண்டுபிடிக்கிறது

எங்கள் கருத்தில் எல்லாச் சோதனைகளிலும் சிறந்தது இதுதான். தேவை ஒரு குழாய் மட்டும்.

கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாய் 1.5 மீட்டர் வாங்குங்கள். நட்டநடுவில் பேனாவால் கோடு. அங்கிருந்து இரு பக்கமும் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு கோடு, 10 சென்டிமீட்டர் வரை. ஒருவர் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து இரு முனையையும் காதுத் துவாரத்தின் வாயிலில் பிடித்துக்கொள்ள வேண்டும். உள்ளே திணிக்கக் கூடாது. குழாயின் நடுப்பகுதி முதுகுக்குப் பின்னால் தொங்கும். இன்னொருவர் பென்சிலால் ஒரு கோட்டின் மேல் மெதுவாகத் தட்டுவார். உட்கார்ந்திருப்பவர் இடமா வலமா என்று மட்டும் சொல்ல வேண்டும்.

நடுவிலிருந்து 5 சென்டிமீட்டரில் தட்டினால் யாரும் தவறுவதில்லை. 2 சென்டிமீட்டரில் பெரும்பாலோர் சரி. 1 சென்டிமீட்டரிலும் பலர் சரியாகச் சொல்வார்கள். இப்போது கரும்பலகையில் கணக்குப் போடுங்கள். 1 சென்டிமீட்டர் தள்ளித் தட்டினால் ஒரு காதுக்கு 1 சென்டிமீட்டர் குறைவு, மறு காதுக்கு 1 சென்டிமீட்டர் கூடுதல். மொத்த வித்தியாசம் 2 சென்டிமீட்டர். 30 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 349 மீட்டர். 0.02ஐ 349ஆல் வகுத்தால் 0.000057 நொடி. அதாவது நொடியின் பத்து லட்சத்தில் 57 பங்கு. நரம்பில் ஒரு துடிப்பு முடிவதற்கே ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு நொடி ஆகும். அந்த ஒரு துடிப்பு நேரத்தில் பதினேழில் ஒரு பங்கு அளவுள்ள வித்தியாசத்தைக் காது ஒரு பயிற்சியும் இல்லாமல் பிரித்துச் சொல்கிறது. நல்ல சூழலில் பயின்ற காதுகள் பத்து லட்சத்தில் 10 பங்கு நொடி வரைகூடப் போகும். மூளைத்தண்டில், இரு காதிலிருந்தும் வரும் துடிப்புகள் சந்திக்கும் இடத்தில், எது முந்தியது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே நரம்பணுக்கள் இருக்கின்றன.

மாணவர் வாயால் 'வலப்பக்கம்' என்று சொன்ன பதில் 57 என்ற எண்ணாக மாறும் அந்த நிமிடத்தில் வகுப்பு அமைதியாகிவிடும். அவசரப்பட்டு அடுத்த சோதனைக்குத் தாவாதீர்கள்.

எங்கே கெடும்? தட்டுபவர் ஒரு பக்கமாக நின்றால் காற்று வழியாக நேரே கேட்டுவிடும். அவர் நடு முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டும், தட்டு மெல்லியதாக இருக்க வேண்டும். ஒரு முனை காதோடு நெருங்கியும் மறுமுனை விலகியும் இருந்தால் நெருங்கிய பக்கம் சத்தமாகக் கேட்டு, நேரத்துக்குப் பதில் சத்தத்தை வைத்துப் பதில் வரும். 20 முறை தட்டியபின் முனைகளை இடம் மாற்றி இன்னொரு 20 முறை தட்டுங்கள். எப்போதும் ஒரே பக்கம் என்று சொல்பவருக்கு ஒரு காதில் குறும்பி அடைத்திருக்கலாம், சளியும் இருக்கலாம். குழாய் வளைந்திருப்பது பிரச்சினை இல்லை. எங்காவது மடிந்து நசுங்கியிருந்தால்தான் பிரச்சினை. குழாயின் முனைகளை ஒவ்வொருவருக்கும் சானிடைசர் தொட்ட பஞ்சால் துடைக்க மறக்க வேண்டாம்.

இதே காது முன்னா பின்னா என்பதில் தடுமாறும். கண்ணை மூடி, தலையை அசைக்காமல் உட்கார்ந்தவரின் நேர் முன்னாலும் நேர் பின்னாலும் மாறி மாறி விரல் சொடுக்கிப் பாருங்கள். இரு காதுக்கும் ஒலி ஒரே நேரத்தில் போவதால் ஒப்பிட எதுவும் இல்லை. காது மடலின் மடிப்புகள் ஒலியில் செய்யும் மாற்றம் மட்டுமே துணை. தொடர்ந்து சொடுக்கிக்கொண்டே தலையை லேசாகத் திருப்பச் சொன்னால் குழப்பம் தீரும். திருப்பியதும் இரு காதுக்கும் நேர வித்தியாசம் பிறந்துவிடுகிறது.

கண்ணில் இல்லாத இடம்

ஒரு அட்டையில் இடப்பக்கம் கூட்டல் குறி, அதிலிருந்து 8 சென்டிமீட்டர் வலப்பக்கம் 1 சென்டிமீட்டர் விட்டமுள்ள கறுப்பு வட்டம். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் கூட்டல் குறியையே பார்த்தபடி அட்டையை மெல்ல அருகே கொண்டுவந்தால் 28 முதல் 30 சென்டிமீட்டரில் வட்டம் மறையும். இன்னும் நெருங்கினால் திரும்ப வரும். பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியுணரும் அணுக்களே இல்லை. 1660களில் பிரான்ஸில் எட்மே மரியோட் இதைக் கண்டார். மறையவில்லை என்று சொல்பவர்களில் பலர் தவறான கண்ணை மூடியிருப்பார்கள், இல்லாவிட்டால் வட்டத்தை எட்டிப் பார்த்திருப்பார்கள். அட்டை சாய்ந்திருந்தாலும் வராது.

அடுத்த அட்டையில் வட்டத்தின் நடுவே போகும்படி ஒரு நீளக் கோடு வரையுங்கள். வட்டம் மறையும்போது அந்த இடத்தில் ஓட்டை தெரியாது. கோடு முழுதாக ஓடுவதுபோலவே தெரியும். மஞ்சள் தாளில் செய்தால் அந்த இடம் மஞ்சளாகவே இருக்கும். சுற்றிலும் உள்ளதை வைத்து மூளை நிரப்பிவிடுகிறது. செய்தி வராத இடத்திலிருந்து 'இங்கே செய்தி வரவில்லை' என்ற செய்தியும் வருவதில்லை. அதனால்தான் வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு கண்ணிலும் ஒரு ஓட்டையோடு நடமாடியும் நமக்கு அது தெரிவதில்லை.

இதைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய காரணம் ஒன்று இருக்கிறது. பல ஆண்டு சர்க்கரை நோய் உள்ள தாத்தா பாட்டிக்குப் பாதத்தில் உணர்வு குறைந்துகொண்டே போகலாம். சிலருக்கு எரிச்சலும் மதமதப்பும் முன்னறிவிப்பாக வரும். சிலருக்கு ஒன்றுமே வராது. செருப்பில் கல் இருப்பதும் சுடுதரையில் கொப்புளம் வருவதும் தெரியாமலே புண்ணாகிவிடும். ஜெம் கிளிப்பால் இதைக் கண்டுபிடிக்க முயல வேண்டாம். மருத்துவமனையில் இதற்கென்றே 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழை இருக்கிறது, 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறையாவது பாதத்தில் அவற்றால் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் செய்யக்கூடியது: தினமும் இரவு உள்ளங்காலைக் கண்ணால் பார்ப்பது, எட்டாவிட்டால் தரையில் கண்ணாடி வைத்துப் பார்ப்பது, செருப்பு போடுமுன் அதைக் கவிழ்த்துத் தட்டுவது. வெந்நீரில் காலை வைத்துச் சூடு பார்க்கக் கூடாது. முழங்கையாலோ வெப்பமானியாலோ பார்க்க வேண்டும், அல்லது வீட்டில் வேறொருவரை விட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும்.